ஒயினும் ஒரு கலப்புக் கணக்கும்

"மாமா, ஒரு கணக்குப் போட்டுத் தர வேண்டும்" என்று சென்ற ஆண்டு ஆடி மாதம் அடிலெய்டிலிருந்து மாப்பிள்ளை தொலைபேசியில் கேட்டார். ரயில்வேயில் பாலத்துக்கும் தண்டவாளத்துக்கும் கணக்குப் போட்டவன் நான். இதுவோ ஒயின் கணக்கு! மதுவைத் தொட்டறியாத எனக்குச் சிரிப்பு வந்தது. என் மனைவிக்கு வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்திற்கு வீட்டிலேயே ஒயின் போடலாம். காய்ச்சி வடிக்கத்தான் கூடாது. மாப்பிள்ளை தோட்டத்து வெள்ளைத் திராட்சையில் 6 லிட்டர் போட்டிருந்தார். அவ்வாண்டு வெயில் கடுமை. பழத்தில் இனிப்பு ஏறிவிட்டது. அந்தச் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை 1 சதவீத ஆல்கஹால் ஆகும். ஹைட்ரோமீட்டர் நொதிக்கும் முன் 1.110, நொதித்த பின் 0.995 காட்டியதாம். வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினேன்; ஏறக்குறைய 15 சதவீதம் வந்தது.

"தொண்டை எரிகிறது மாமா. விருந்துக்கு வருகிறவர்கள் கார் ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டுமே" என்றார். கவலை நியாயமானது. 150 மில்லி கோப்பையில் 15 சதவீத ஒயின் இருந்தால் ஆல்கஹால் சுமார் 18 கிராம், 12.5 சதவீதமானால் சுமார் 15 கிராம்.

தண்ணீர் ஊற்றினால் ஆல்கஹாலோடு புளிப்பும் மணமும் சேர்ந்து இறங்கிவிடும். நீர்த்த ரசம் போலாகும். நல்ல வழி, ஆல்கஹால் குறைந்த இன்னொரு ஒயினைக் கலப்பதுதான். அவருடைய நண்பர் முன்கூட்டியே பறித்த பழத்தில் போட்டது 11 சதவீதம் இருந்தது.

இரண்டு விலை அரிசியைக் கலந்து நடு விலைக்கு விற்கும் கணக்கைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். இதுவும் அதுவே. வேண்டியது 12.5. பதினைந்திலிருந்து கழித்தால் 2.5, அதிலிருந்து பதினொன்றைக் கழித்தால் 1.5. இவற்றைக் குறுக்கே மாற்றி வைக்க வேண்டும். கடுமையான ஒயின் 1.5 பங்கு, மென்மையானது 2.5 பங்கு, அதாவது 3க்கு 5. ஆறு லிட்டருக்குப் பத்து லிட்டர்.

"எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாதீர்கள் மாப்பிள்ளை. புதுப் பாதையில் சோதனை ஓட்டம் விடாமல் ரயில் விடுவதில்லை" என்றேன். முதலில் 30 மில்லிக்கு 50 மில்லி கலந்து ருசி பார்க்க வேண்டும். காற்றுப் பட்டால் வெள்ளை ஒயின் பழுப்பேறும். குழாயைப் பாத்திரத்தின் அடிவரை விட்டு மெல்ல நிரப்ப வேண்டும். கலந்த பின் கலங்கலாகலாம். சில வாரம் பொறுத்துத் தெளிந்த பிறகே புட்டியில் அடைக்க வேண்டும். மீதிச் சர்க்கரை இருந்தால் ஆபத்து. ஆல்கஹால் மிகுதியால் அடங்கிக் கிடந்த ஈஸ்ட், கலந்ததும் விழித்துக்கொள்ளும். மூடிய புட்டி வெடித்துவிடும்.

கலவை நன்றாக வந்தது. பெருமை தாங்காமல் என் மனைவியே அதை மாடி வீட்டு அம்மாளிடம் சொல்லிவிட்டாள். கார்த்திகையில் அந்த அம்மாள் வந்து, "சாரே, கிறிஸ்துமஸுக்குப் போட்டால் எப்போதும் கடுப்பாகிவிடுகிறது. எங்கள் பரணிக்கும் கணக்குச் சொல்லுங்கள்" என்றார். ஒரு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சர்க்கரையாம்!

சங்கடமாகிவிட்டது. கேரளத்தில் உரிமம் இல்லாமல் ஒயின் போடுவது அப்காரி சட்டப்படி குற்றம். 10 ஆண்டு வரை சிறையும், 1 இலட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். 2019 டிசம்பரில் கலால் துறை இதை வெளிப்படையாகவே எச்சரித்தது. பழ ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு 2022இல் விதிகள் வந்தன. அதற்கும் உரிமம் வேண்டும்.

"பாட்டி காலத்திலிருந்து போடுகிறோமே, இது குற்றமா?" என்று கேட்டார். முகம் வாடிவிட்டது. இருபது வருஷப் பழக்கம். மறுக்க எனக்கும் மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அடிலெய்டில் சரியாக இருக்கும் கணக்கு, திருவனந்தபுரத்தில் விடை சரியாக வந்தாலும் தப்புத்தான். பிழைக்க வந்த ஊரின் சட்டத்தையும் சேர்த்துத்தானே நாம் கணக்குப் போட வேண்டும்?

கிறிஸ்துமஸ் அன்று காலை அழைப்பு மணி அடித்தது. அந்த அம்மாள் கையில் கேக் இருந்தது. "சாரே, இந்த வருஷம் திராட்சை ரசம்தான். புளிக்கவே விடவில்லை" என்று சிரித்தார்.

முதல் கோப்பையை வாங்கிக் குடித்தவள் என் மனைவி.