வதைபட்ட சொற்றொடர்கள்

வதைபட்ட சொற்றொடர்கள் என்பவை, அறிவியல் ஆய்வுக்கட்டுரைகளில் நிலைபெற்ற கலைச்சொற்களுக்குப் பதிலாக இடம்பெறும் பொருந்தாத சொற்கோவைகள் ஆகும். பிறர் எழுத்தைத் திருடி, அது வெளிப்படாதிருக்க மென்பொருளால் சொற்களை மாற்றியதன் தடயமாக இவை பெரும்பாலும் கருதப்படுகின்றன. 2021-இல் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாண்டர் மகாசினோவ் ஆகியோர் இவற்றை ஆராய்ந்து இப்பெயரை இட்டனர்.

எடுத்துக்காட்டுகள்

ஆங்கிலக் கட்டுரைகளில் காணப்பட்ட சில தொடர்களின் நேர்ப்பொருள் வருமாறு:

* செயற்கை நுண்ணறிவு – போலி உணர்வுநிலை
* மார்பகப் புற்றுநோய் – நெஞ்சத்து ஆபத்து
* சிறுநீரகச் செயலிழப்பு – சிறுநீரக ஏமாற்றம்
* பெருந்தரவு – பிரம்மாண்டத் தகவல்

தோன்றும் விதம்

கலைச்சொல் முழுவதும் ஒரே பொருளைக் குறிப்பது. மென்பொருளோ அதைத் தனிச் சொற்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு சொல்லை இடுகிறது. கல்பாக்கத்தில் உள்ள சோதனை வேக ஈனுலை 1985-இல் முதன்முதலாகத் தொடர்வினையை எட்டியது. அருகிலுள்ள அணுசக்தித் துறைக் குடியிருப்பான அணுபுரத்தில் 'வேக ஈனுலை' பழகிய சொல். அதனை ஒருவர் 'துரிதப் பிரசவ அடுப்பு' என மாற்றினால், மூன்று சொற்களும் அகராதியில் இருக்கும். அப்படியோர் உலை எங்கும் இராது.

காரணம்

கருத்துத்திருட்டைக் கண்டறியும் பல மென்பொருள்கள் சொற்களின் ஒற்றுமையையே அளக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் ஒற்றுமை 10 விழுக்காட்டுக்கு உட்பட்டால் தண்டனை இல்லை. 60 விழுக்காட்டைக் கடந்தால் ஆய்வு மாணவரின் பதிவு நீக்கப்படும். சொற்களை மாற்றினால் இவ்வெண் குறையும், திருட்டு குறையாது.

விளைவுகளும் கண்டறிதலும்

'மார்பகப் புற்றுநோய்' எனத் தேடும் மருத்துவருக்கு இத்தகைய கட்டுரை கிடைக்காமற் போகலாம். கிடைத்தாலும், சொல்லையே சரிபாராதவரின் அளவீடுகளை நம்புவது அரிது. கபனாக்கும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய கருவி, அறியப்பட்ட தொடர்களைக் கட்டுரைகளில் தேடுகிறது. பின்னர் மனிதர்கள் படித்து ஆராய்கின்றனர். இவ்வாறு சுட்டப்பட்ட பல கட்டுரைகளைப் பதிப்பகங்கள் மீளப்பெற்றுள்ளன.

எச்சரிக்கை

விந்தையான சொல் மட்டுமே குற்றத்துக்குச் சான்றாகாது. 'தாவர எலக்ட்ரான் நுண்ணோக்கியியல்' என்ற இல்லாத துறை சில கட்டுரைகளில் காணப்பட்டது. 1959-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றை எண்ணிமப்படுத்தியபோது அடுத்தடுத்த இரு பத்திகளின் சொற்கள் இணைந்தது இதற்கு ஒரு விளக்கம். பாரசீக எழுத்தில் ஒரு புள்ளி மாறியதால் நேர்ந்த மொழிபெயர்ப்புப் பிழை என்பது மற்றொரு விளக்கம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவரின் நடைக்குறையும் மோசடியும் ஒன்றல்ல. மூலக் கட்டுரையும் தரவுகளும் ஒப்பிடப்பட்ட பின்னரே முடிவு எட்டப்படுதல் வேண்டும்.