மொரப்பூரில் போனது, பொன்மலையில் பிறப்பது

தருமபுரிக்காரர்கள் சென்னை ரயிலைப் பிடிக்க மொரப்பூருக்குப் பேருந்து ஏறுகிறார்கள். 1906-ல் அதே மொரப்பூருக்கு ரயிலிலேயே போக முடிந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடிதான் அகலம். வண்டியும் சிறிசு, எஞ்சினும் சிறிசு. பஞ்சம் வந்தால் உள்நாட்டுக்குத் தானியம் போய்ச் சேர வேண்டும் என்று போட்ட பாதை. 1913-ல் பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீண்டது.

செலவு குறைவு என்பதுதான் அந்தப் பாதையின் ஒரே கவர்ச்சி. வளைவை நெருக்கிப் போடலாம், மண்வேலை மிச்சம், தண்டவாளமும் எடை குறைந்தது. ஆனால் போடச் சுலபமானது பிடுங்கவும் சுலபம். இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நீராவி எஞ்சின் ஊருக்கு ஊர் புகைவிட்ட காலம் அது. அதைப் பாதுகாக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? ஓசூர்ப் பக்கம் பின்னாளில் வேறு பாதை வந்தது. மொரப்பூர்ப் பக்கத்துக்கு 36 கிலோமீட்டர் அகலப்பாதை போட 2019-ல்தான் அடிக்கல் நாட்டினார்கள்.

மொரப்பூர்ப் பாதை போனாலும், மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் நீலகிரி ரயில்பாதை பிழைத்தது. அதன் அகலம் ஒரு மீட்டர், மொரப்பூர்ப் பாதையைவிட ஒரு சாண் அதிகம். அது பிழைத்ததற்கு அகலம் காரணமல்ல, ஏற்றம்தான். கல்லாறு தாண்டினால் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயரும் மலை. சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள். சமதரையில் கீழ் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்யும். ஏற்றம் வந்ததும், அவை பயன்படுத்திய அதே நீராவி மேல் சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். இப்படிப்பட்ட எஞ்சினைக் கடையில் வாங்க முடியாது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் இருந்த எஸ்.எல்.எம். கம்பெனிதான் 1914 முதல் 1952 வரை இந்த 'எக்ஸ்' வகையைச் செய்து அனுப்பியது.

அவை தேய்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனை தானே செய்யத் துணிந்தது. இந்தியா முழுக்க நீராவி எஞ்சினைக் காயலான் கடைக்கு அனுப்பி முடித்த பிறகு, 2011-லிருந்து அடுத்தடுத்துப் புதிய எக்ஸ் எஞ்சின்கள் அங்கிருந்து வெளிவந்தன. டீசலுக்கும் மின்சாரத்துக்கும் பழகிய பணிமனை பாய்லர் கட்டுகிறது என்பதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. தகடு வளைத்து, குழாய்களைக் கசியாமல் பொருத்தி, அழுத்தம் ஏற்றிச் சோதிப்பது கைப்பழக்கத்தில் நிற்கும் வேலை. உலகத்திலும் இதைச் செய்பவர்கள் சிலரே. வேல்ஸில் ஃபெஸ்டினியாக் ரயில்வேயின் பாஸ்டன் லாட்ஜ் பட்டறை தன் இரண்டடிக்கும் குறைவான பாதைக்குத் தானே எஞ்சின் கட்டிக்கொள்கிறது. எஸ்.எல்.எம். கம்பெனியே 1992-ல் சுவிஸ் மலைப்பாதைகளுக்கு எண்ணெயில் எரியும் புது நீராவி எஞ்சின் செய்தது.

பொன்மலையின் முதல் எஞ்சின்களும் எண்ணெயில்தான் எரிந்தன. காட்டுக்குள் தீப்பொறி பறக்காது, நல்ல நிலக்கரி தேடி அலைய வேண்டாம். அப்படியிருந்தும் 2021-ல் நிலக்கரியில் எரியும் புது எக்ஸ் எஞ்சினை அதே பணிமனை கட்டியது. கணக்குப் பார்த்தால் பின்னோக்கிய நடை. எனக்கு அது சரியென்றே படுகிறது. மேட்டுப்பாளையத்தில் வரிசையில் நிற்பவர்கள் குன்னூருக்குச் சீக்கிரம் போகவா வருகிறார்கள்? அதற்குப் பேருந்து இருக்கிறது. அவர்கள் டிக்கெட் வாங்குவதே அந்தக் கரிப்புகைக்கும் எஞ்சின் துப்பும் தூசிக்கும்தான்.