பன்னிப் புல்வெளியில் சீமைக்கருவேல அகற்றமும் புல்லின் மீட்சியும்

குஜராத் மாநிலக் கட்ச் மாவட்டத்தில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது பன்னிப் புல்வெளி. உவர்நிலம் பரவுவதைத் தடுக்க 1960களில் அங்கு நடப்பட்ட சீமைக்கருவேலம், பின்னர் மேய்ச்சல் நிலத்தையே கவர்ந்துகொண்டது. மால்தாரி மக்களின் எருமை வளர்ப்பு இப்புல்வெளியையே சார்ந்தது.

புதரை அகற்றினால் நிழலும் நீர்ப்போட்டியும் நீங்கும். மண்ணில் விதை எஞ்சியிருப்பின், பருவமழைக்குப் பின் கொழுக்கட்டைப்புல் முதலியன மீளத் தழைக்கும். எனினும், தண்டை மட்டும் வெட்டினால், வேர்த்தலையில் உறங்கும் மொட்டுகள் பல தண்டுகளாகக் கிளைக்கும். புதர் மேலும் அடரும். எனவே வேரோடு அகழ்தல் இன்றியமையாதது. அதன்பின்னும், நெற்றுகளைத் தின்ற கால்நடைகளின் சாணத்தில் சிதையாத விதைகள் முளைக்கும்.

ஆகவே, வேரகழ்வு, நாற்றுகளைக் களைதல், புல் விதை முதிரும்வரை மேய்ச்சலுக்கு ஓய்வு ஆகிய மூன்றும் இணைந்தாலன்றிப் புல்லின் மீட்சி நிலைபெறாது.