தப்பு வந்தால் முதலில் இருந்து!
பாட்டு பிறந்த கதைகளும் எம்.எஸ்.விஸ்வநாதனின் நண்பர்களும்

பாட்டுப் பதிவு நடக்கிறது.

பாடகர் மைக் முன்னால் நிற்கிறார். ஒரு பக்கம் வயலின்காரர்கள். இன்னொரு பக்கம் தபேலா, டோலக். மூலையில் புல்லாங்குழல். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒலிப்பதிவு என்ஜினீயர். நடுவில் நின்று கையை அசைக்கிறார் இசை அமைப்பாளர்.

மூன்று நிமிடம் ஓடிவிட்டது. இன்னும் இரண்டே வரி பாக்கி. அந்த நேரம் பார்த்து ஒருவருடைய வில் தவறி இழுத்துவிட்டது!

அவ்வளவுதான். மறுபடியும் முதலில் இருந்து!

1950, 1960-ம் ஆண்டுகளில் சென்னையில் சினிமாப் பாட்டுகள் இப்படித்தான் பதிவாயின. பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும் ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில் இருக்க வேண்டும். ஒருவர் தப்புக்கு எல்லோரும் மறுபடி உழைக்க வேண்டும். ஆகவே, முதலில் ஒத்திகை, அப்புறம் ஒத்திகை, அதற்கு அப்புறம்தான் பதிவு.

அந்தக் கூடத்தின் நடுவில் பல ஆண்டுகள் நின்றவர் எம்.எஸ்.விஸ்வநாதன். "மெல்லிசை மன்னர்" என்றால் தெரியாதவர் இல்லை. முதுமையில் சாந்தோம் வீட்டிலும், மேடைகளிலும், டெலிவிஷனிலும் அவர் பழைய கதைகளைச் சொல்லுவார். "நான் செய்தேன்" என்ற பேச்சு அதில் குறைவு. குரு, கவிஞர், வயலின் நண்பர், பாடகர் என்று மற்றவர்களைப் பற்றிய பேச்சே அதிகம்.

ஆபீஸ் பையன்

விஸ்வநாதன் 1928-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி பாலக்காடு பக்கம் எலப்புள்ளியில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். கண்ணூரில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். நீலகண்ட பாகவதரிடம் பாட்டுக் கற்றார்.

நடிகர் ஆக வேண்டும் என்பது ஆசை. கிடைத்ததோ கோவையில் ஜூபிடர் பட நிறுவனத்தில் ஆபீஸ் பையன் வேலை! அங்கே இசை அமைப்பாளராக இருந்தவர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு.

"அபிமன்யு" படத்துக்குப் பாட்டு தயாராகிக் கொண்டிருந்தது. ஒரு பாட்டுக்கு மெட்டு சரியாக அமையவில்லை. எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். ஆபீஸ் பையன் மெதுவாக ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தான். மனதில் இருந்த ஒரு மெட்டை வாசித்துப் பாடினான்.

திரும்பி வந்த நாயுடு காதில் அது விழுந்தது. அவர் கோபிக்கவில்லை. அந்த மெட்டையே படத்தில் வைத்துக் கொண்டார். "இது உன் மெட்டு என்று வெளியே சொல்லாதே. சின்னப் பையன் போட்டது என்று தெரிந்தால் வேண்டாம் என்பார்கள்" என்று சொல்லி வைத்தார். படம் 1948-ல் வந்தது. மெட்டுப் போட்டவன் யார் என்று யாருக்கும் தெரியாது.

பிறகு ஜூபிடர் நிறுவனம் சென்னைக்கு இடம் மாறியது. வேலை போகுமோ என்று பையன் கலங்கினான். அப்போதுதான் நாயுடு முதலாளியிடம் உண்மையைச் சொன்னார். "அந்த மெட்டு இவன் போட்டது. இவனைச் சென்னைக்கு அழைத்துப் போங்கள்" என்று கேட்டுக் கொண்டார்.

இந்தக் கதையை விஸ்வநாதன் சொல்லாத மேடை இல்லை. நன்றியைச் சொல்லோடு அவர் நிறுத்தவில்லை. நாயுடுவைக் கடைசி வரை தம்மோடு வைத்துக் காப்பாற்றினார். 1979-ல் நாயுடு இறந்தபோது பிள்ளையின் இடத்தில் நின்றார்.

வயலின் நண்பர்

சென்னையில் விஸ்வநாதன் சி.ஆர்.சுப்பராமனிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே வயலின் வாசித்தவர் டி.கே.ராமமூர்த்தி. திருச்சிக்காரர். விஸ்வநாதனை விட ஆறு வயது மூத்தவர்.

1952-ல் சுப்பராமன் இளம் வயதிலேயே திடீரென்று காலமானார். "தேவதாஸ்" உள்பட அவர் கையில் இருந்த படங்கள் பாதியில் நின்றன. இரண்டு உதவியாளர்களும் சேர்ந்து குருவின் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் அந்தக் கூட்டணி!

அதே 1952-ல் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் டைரக்ட் செய்த "பணம்" வந்தது. இருவரும் சேர்ந்து இசை அமைத்த முதல் படம் அதுவே.

யார் பெயரை முதலில் போடுவது? ராமமூர்த்தி மூத்தவர் ஆயிற்றே! கலைவாணர் ஒரு வழி சொன்னாராம். "விஸ்வநாதன் சின்னவன். அவன் முன்னால் நிற்கட்டும். நீ பெரியவன். பின்னால் நின்று தாங்கிக் கொள்" என்றாராம். ராமமூர்த்தியும் ஒப்புக் கொண்டார். "விஸ்வநாதன்-ராமமூர்த்தி" என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது என்பார்கள்.

பாசமலர், பாவமன்னிப்பு, பாலும் பழமும் மூன்றும் 1961-ல் வந்தவை. கர்ணன், புதிய பறவை, காதலிக்க நேரமில்லை மூன்றும் 1964-ல் வந்தவை. கர்ணனுக்காக வடநாட்டு ராகங்களையும் சாரங்கி, ஷெனாய் போன்ற வாத்தியங்களையும் கையாண்டார்கள். காதலிக்க நேரமில்லை படத்தில் மேல்நாட்டு இசை துள்ளியது. இரண்டுக்கும் இசை அதே இருவர்தான்!

அந்தக் காலத்தில் அகில இந்திய வானொலி சில ஆண்டுகள் சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்திருந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் இலங்கை வானொலிதான் ஒலித்தது. கொழும்பில் இருந்து வந்த பாட்டைக் கேட்கக் கூட்டம் கூடியது.

தியாகராய நகர் கவிஞர்

மெட்டு இருந்தால் போதுமா? வார்த்தை வேண்டாமா?

தியாகராய நகரில் ஹென்ஸ்மன் ரோடு என்று ஒரு தெரு இருந்தது. இன்று அதற்குக் கண்ணதாசன் சாலை என்று பெயர். கவிஞர் கண்ணதாசன் வாழ்ந்த இடம் அது. அவர் பிறந்தது 1927-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி. விஸ்வநாதன் பிறந்த நாளும் அதே ஜூன் 24. ஒரு வயதுதான் வித்தியாசம்.

இருவரும் சேர்ந்து பாட்டுக் கட்டும் காட்சியைப் பலர் எழுதியிருக்கிறார்கள். டைரக்டர் கதையின் கட்டத்தைச் சொல்லுவார். விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் மெட்டைப் பாடுவார். சொல் இல்லாத மெட்டுக்குத் "தன்னானே" என்பதே சொல். கவிஞர் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு மளமளவென்று வரிகள் விழும். உதவியாளர் எழுதிக் கொள்வார். அப்படி எழுதியவர்களில் ஒருவர் பஞ்சு அருணாசலம். பின்னாளில் "அன்னக்கிளி" படத்தின் மூலம் இளையராஜாவை அறிமுகம் செய்தவர் அவர்தான்.

சில நாள் பத்து நிமிடத்தில் பாட்டு முடியும். சில பாட்டு மாதக்கணக்கில் இழுக்கும். மெட்டு பிடிக்கவில்லை என்றால் கவிஞர் முகத்துக்கு நேரே சொல்லுவார். வரி பிடிக்கவில்லை என்றால் விஸ்வநாதனும் விடமாட்டார். சண்டை நடக்கும். சாப்பாட்டு வேளை வந்தால் சண்டை தீர்ந்துவிடும்!

ஒரு நாள் கவிஞர் வந்து காத்திருந்தார். விஸ்வநாதன் அசந்து தூங்கிவிட்டார். அவன் தூங்குகிறான், மாட்டிக் கொண்டவன் நான்தான் என்ற அந்தக் கோபமே ஒரு சோகப் பாட்டுக்கு முதல் அடி ஆயிற்று என்று பட உலகத்தில் ஒரு கதை உண்டு.

இன்னொரு கதையும் உண்டு. விஸ்வநாதன் வீட்டுக்குப் போன் வந்தது. "கண்ணதாசன் இறந்துவிட்டார்" என்றது ஒரு குரல். விஸ்வநாதன் அலறிக் கொண்டு ஓடினார். போய்ப் பார்த்தால் கவிஞர் உட்கார்ந்து சிரிக்கிறார்! "நான் செத்தால் நீ எப்படி அழுவாய் என்று பார்க்க ஆசைப்பட்டேன்" என்றாராம்.

1981-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் கண்ணதாசன் நிஜமாகவே காலமானார். வயது 54. அந்தச் செய்தி விளையாட்டாக இருக்கக் கூடாதா என்று விஸ்வநாதன் ஏங்கியிருப்பார்.

குரலைக் கண்டுபிடித்தவர்

கோரஸ் பாடிக் கொண்டிருந்த எல்.ஆர்.ஈஸ்வரிக்குப் "பாசமலர்" கல்யாணப் பாட்டு பெரும் புகழ் கொடுத்தது. பி.பி.ஸ்ரீநிவாசின் மென்மையான குரலுக்குப் "பாவமன்னிப்பு" வாசலைத் திறந்தது.

ஆந்திராவில் இருந்து வந்த இளைஞர் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் குரல் விஸ்வநாதனுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் தமிழ் உச்சரிப்பு சரியில்லை. "தமிழை நன்றாகக் கற்றுக் கொண்டு வா" என்று சொல்லி அனுப்பினார். இளைஞர் கற்றுக் கொண்டு வந்தார். 1969-ல் "சாந்தி நிலையம்" படத்தில் பாட வைத்தார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தினமும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டுப் போட்டவரும் விஸ்வநாதன்தான். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் பாட்டு, மோகன ராகம். 1970-ல் அரசு விழாக்களில் பாடத் தொடங்கினார்கள். ஒலித்தட்டில் பாடியவர்கள் டி.எம்.சவுந்தரராஜனும் பி.சுசீலாவும்.

பிரிவு

1963-ல் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் முன்னிலையில் இருவருக்கும் "மெல்லிசை மன்னர்கள்" என்ற பட்டம் கிடைத்தது.

இரண்டே ஆண்டு! 1965-ல் "ஆயிரத்தில் ஒருவன்" வந்தது. அத்தோடு இருவரும் பிரிந்துவிட்டார்கள்.

ஒரே பட்டத்தை இருவரும் ஆளுக்குப் பாதியாகச் சுமந்து கொண்டு தனி வழி போனார்கள். விஸ்வநாதனுக்குப் படங்கள் குவிந்தன. ராமமூர்த்திக்குக் குறைந்தன. இதைப் பற்றி ஊர் பல பேச்சுப் பேசியது. ஆனால் விஸ்வநாதன் மேடையில் ராமமூர்த்தியை "அண்ணன்" என்றே சொல்லி வந்தார்.

முப்பது ஆண்டு கழிந்தது. 1995-ல் "எங்கிருந்தோ வந்தான்" படத்துக்கு இருவரும் மறுபடி சேர்ந்து இசை அமைத்தார்கள். 2012-ல் முதல்-அமைச்சர் ஜெயலலிதா கையால் இருவரும் ஒரே மேடையில் "திரை இசைச் சக்கரவர்த்தி" பட்டம் பெற்றார்கள். தலை நரைத்த இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ரசிகர்கள் கண் கலங்கினார்கள்.

இன்று எப்படி?

அன்று எல்லா நாட்டிலும் இதே பாடுதான். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு 1963-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி லண்டனில் ஒரே நாளில் 10 பாட்டுகளைப் பதிவு செய்தது. நால்வரும் ஒன்றாக நின்று வாசித்துப் பாடினார்கள்.

பிறகு டேப்பில் பல தடங்கள் வந்தன. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. விஸ்வநாதனிடம் சிறு வயதில் கீ-போர்டு வாசித்த ஏ.ஆர்.ரகுமான் 1989-ல் கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார். இன்று பாடகர் தனியாக வந்து பாடிவிட்டுப் போகிறார். வயலின்காரர் வேறு நாளில், ஏன், வேறு நாட்டில் கூட வாசிக்கிறார். ஒரு சொல் தப்பினால் அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்தலாம்.

வசதிதான். ஆனால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, ஒருவர் தப்பை எல்லோரும் பொறுத்து, "சரி, இன்னொரு தடவை" என்று எழுந்து நிற்பது குறைந்துவிட்டது.

விஸ்வநாதன் புதுமையை வெறுக்கவில்லை. 1986-ல் "மெல்லத் திறந்தது கதவு" படத்தில் இளையராஜாவோடு சேர்ந்து பணி செய்தார். ரகுமான் இசையில் "சங்கமம்", "கன்னத்தில் முத்தமிட்டால்" படங்களில் பாடினார். தம்மிடம் வாசித்த பையன் கையசைக்க, அவர் மைக் முன்னால் நின்றார்!

ஒவ்வொருவராய்...

2013-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி பி.பி.ஸ்ரீநிவாஸ் காலமானார். மூன்றே நாளில், ஏப்ரல் 17-ந் தேதி ராமமூர்த்தி மறைந்தார். மே 25-ந் தேதி மந்தைவெளியில் வாழ்ந்த டி.எம்.சவுந்தரராஜனும் போய்விட்டார். ஆறே வாரத்தில் மூன்று கூட்டாளிகள்!

2015-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி அடையாறில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் விஸ்வநாதனும் கண் மூடினார். வயது 87.

ஒரே கூடத்தில் நின்றவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் பாட்டு போகவில்லை. டீக்கடை ரேடியோவில் அந்தப் பழைய பாட்டு வரும்போது கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். பாடகர் மூச்சு வாங்குவது கேட்கும். வயலின்கள் ஒன்றாக எழுவது கேட்கும். அந்தப் பதிவில் யாரும் தப்புச் செய்யவில்லை. அதற்கு முந்தின தடவை யார் தப்புச் செய்தார், எல்லோரும் எப்படிச் சிரித்தார்கள் என்பது, அங்கே நின்ற நண்பர்களுக்கு மட்டுமே தெரியும்.