கம்பியை அறுக்கும் பொத்தான்

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில நாள்தான். ஜொகூரின் பாலோ, குளுவாங், யோங் பெங் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: "ஹெலிகாப்டர் கம்பியில் நாம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே மேலே இருப்பவர்களால் அதை அறுத்துவிட முடியுமாமே, உண்மையா?"

உண்மைதான். நிவாரண மையத்துக்கு எதை எடுத்துப் போவது, 999க்கு எப்போது அழைப்பது என்பதையெல்லாம் 2006, 2011, 2023 வெள்ளங்களைப் பார்த்த ஜொகூர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பியை அறுக்கும் அந்தப் பொத்தானைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஹெலிகாப்டர் கதவுக்கு மேலே வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது விஞ்ச். அதன் உருளையில் சுற்றியிருக்கும் எஃகுக் கம்பி சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன்தான். பரவலாகப் பயன்படும் விஞ்சுகள் ஒரு தடவையில் 272 கிலோ வரை தூக்கும்; அதாவது மீட்பாளர் ஒருவர், மீட்கப்படுபவர் ஒருவர், அவர்கள் அணிந்திருக்கும் கருவிகள். கம்பி வெளியே வரும் வழியில் ஒரு சிறு கத்தி பதுங்கியிருக்கிறது. பொத்தானை அழுத்தினால் ஒரு வெடித்தோட்டா வெடித்து, கத்தியை அடித்துத் தள்ளும். கண் இமைப்பதற்குள் கம்பி துண்டாகிவிடும். விமானியிடம் ஒரு பொத்தான், கதவோரம் விஞ்சை இயக்குபவரிடம் இன்னொன்று. தவறிக் கைபட்டு வெடித்துவிடாதபடி இரண்டுக்கும் மூடி உண்டு. தோட்டா வெடிக்காமல் போனால் வெட்டுவதற்குக் கதவருகே ஒரு கைவெட்டியும் மாட்டியிருக்கும்.

இப்படி ஒரு கொடிய ஏற்பாடு ஏன்? ஓரிடத்தில் நிற்கும் ஹெலிகாப்டர் அசையாமல் நிற்பதில்லை. காற்றுக்கு ஏற்ப விமானி நொடிக்கு நொடி சரிசெய்துகொண்டே இருக்கிறார். கம்பியின் கீழ்முனை ஒரு மரக்கிளையிலோ படகின் விளிம்பிலோ சிக்கிக்கொண்டால் அந்தச் சரிசெய்தலுக்கு இடமில்லை. ஹெலிகாப்டர் சற்று விலகியதும் கம்பி விறைக்கும். விறைத்த கம்பி பக்கவாட்டில் இழுக்கும், ஹெலிகாப்டர் சாயும், சாய்ந்தால் இழுவை இன்னும் கூடும். சில நொடிகளில் அது கட்டுப்பாட்டை இழந்து, உள்ளே இருப்பவர்கள் மீதும் கீழே இருப்பவர்கள் மீதும் விழும்.

இத்தனைக்கும் கீழே நடப்பது எதுவும் விமானிக்குத் தெரியாது. கதவோரம் படுத்தோ மண்டியிட்டோ எட்டிப் பார்ப்பவர்தான் அவருக்குக் கண். "முன்னால் இரண்டு மீட்டர், ஒன்று, நில்" என்று அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருப்பார். தோல் கையுறை போட்ட கையால் கம்பியைத் தடவிக்கொண்டும் இருப்பார். ஒரு இழை பிரிந்தால் கைக்குத் தெரியும். சிக்கியது தெரிந்தவுடன் அவர் செய்வது அறுப்பது அல்ல, கம்பியைத் தாராளமாகத் தளர விடுவது. தளர்ந்த கம்பி தானாக விடுபடலாம், கீழே இருப்பவர் விடுவிக்கலாம். இரண்டும் நடக்காமல் ஹெலிகாப்டரே போய்விடும் என்ற நிலையில்தான் பொத்தான். கம்பியில் ஆள் இருக்கும்போது அழுத்துவது கடைசிக்கும் கடைசி.

விஞ்ச் நின்றுபோனால் அறுப்பார்கள் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இல்லை. ஆளைத் தொங்கவிட்டபடியே மெதுவாக நகர்ந்து, திறந்த இடத்தில் ஹெலிகாப்டரைத் தாழ்த்தி இறக்கிவிடுவார்கள்.

அதே சமயம், "கருவிகள் அனைத்தும் சான்றளிக்கப்பட்டவை" என்று அறிக்கைகளில் வரும் வாசகத்தை நான் அப்படியே ஏற்பதில்லை. சான்றளிக்கப்பட்டது என்றால், எதிர்பார்த்த பளுவை எதிர்பார்த்த விதத்தில் தாங்கியது என்றுதான் பொருள். 2013இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை ஓர் அவசர நடவடிக்கை எடுத்தது. ஒரு சோதனைப் பறப்பில் சுமார் 250 கிலோ மாதிரிப் பளு தொங்கிக்கொண்டிருந்தபோது, யாரும் எதையும் தொடாமலேயே விஞ்சிலிருந்து கம்பி தானாக இறங்கிவிட்டது. அன்று தொங்கியது மனிதர் அல்ல. அதுவும் சான்று பெற்ற விஞ்ச்தான்.

ஹெலிகாப்டர் மீட்பில் நம் நினைவில் நிற்கும் சோகம் இந்தியாவில் நடந்தது. 2022 ஏப்ரல் 10, ராம நவமி நாள். ஜார்க்கண்ட் மாநிலம் தேவ்கர் அருகே திரிகூட மலையில் ரோப்வே கூண்டுகள் மோதிக்கொண்டன. பலர் அந்தரத்தில் சிக்கினார்கள். மறுநாள் இந்திய விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள் வந்தன. மேலிருந்து வீசிய காற்றில் கூண்டுகள் ஆடின. ரோப்வேயின் எஃகுக் கம்பிகள் குறுக்கே இருந்ததால் ஹெலிகாப்டர்களால் தாழ்ந்து நெருங்க முடியவில்லை. 11ஆம் தேதி, ஹெலிகாப்டர் கதவுவரை வந்துவிட்ட ஒருவர் உள்ளே இழுக்கப்படும் முன் விழுந்து இறந்தார். 12ஆம் தேதி ஒரு பெண் தூக்கப்படும்போது கீழே விழுந்து இறந்தார். விமானப்படை 35 பேரைக் காப்பாற்றியது. அந்த வீரர்கள் செய்தது மாபெரும் காரியம். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் 35 என்ற எண்ணைச் சொல்லும் அதே மூச்சில் அந்த இருவரையும் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு நடந்தது என்ன என்று தெரிந்தால்தான் அடுத்தவர் விழாமல் இருப்பார்.

என்னை உறங்கவிடாத விஷயம் இனிமேல்தான் வருகிறது. கம்பியில் இறங்கும் மீட்பாளருக்கு அந்தப் பொத்தானைப் பற்றித் தெரியும். புறப்படும் முன் எந்த நிலையில் என்ன செய்வது என்று குழு பேசிக்கொள்கிறது. அவர் தெரிந்தே இறங்குகிறார். கூரைமேல் நிற்கும் நமக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் கம்பியின் கீழ்முனை நம் கையில்தான் இருக்கப் போகிறது. பதற்றத்தில் ஒருவர் அந்த முனையில் இருக்கும் கொக்கியைப் பிடித்துக் கூரை உத்திரத்திலோ படகிலோ மாட்டிவிடுகிறார் என்று வையுங்கள். ஹெலிகாப்டர் நம்மை விட்டுப் போய்விடக் கூடாதே என்ற பயத்தில் செய்கிற காரியம் அது. அந்த நொடியே ஹெலிகாப்டர் தரையோடு கட்டப்பட்டுவிட்டது. பொத்தானை அழுத்துவது மேலே இருப்பவர், அழுத்த வைத்தது நாம்.

ஒருமுறை வெள்ள விளக்கக் கூட்டம் ஒன்றில் எனக்குக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் "கொக்கியை எதிலும் மாட்டாதீர்கள்" என்ற ஒரு வரி இல்லை. மலாயில் இல்லை, தமிழிலும் இல்லை. குளுவாங்கில் தரைப்படையின் ஹெலிகாப்டர் தளமே இருக்கிறது. அதைச் சுற்றி வாழும் தோட்ட மக்களுக்கு இந்த ஒரு வரியைச் சொல்ல எவ்வளவு செலவாகும்?

கீழே இருப்பவரையும் கணக்கில் எடுக்க முடியும் என்பதற்கு 2018 ஆகஸ்ட் 17 சாட்சி. கேரளத்தின் ஆலுவாவில் வெள்ளத்தில் சிக்கிய நிறைமாதக் கர்ப்பிணியை இந்தியக் கடற்படை தூக்குவதற்கு முன், கம்பியில் முதலில் இறங்கியது ஒரு மருத்துவர். கர்ப்பிணியை அவர் பரிசோதித்த பிறகுதான் தூக்கினார்கள். கீழே இருப்பவர் தூக்க வேண்டிய பளு மட்டுமல்ல என்று எண்ணியவர்கள் அவர்கள். அன்றே கொச்சி கடற்படை மருத்துவமனையில் குழந்தை பிறந்தது.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மீட்பாளர் இல்லாமல் கொக்கியும் அதில் தூக்கும் பட்டையும் மட்டும் வந்தால்? பட்டையை அக்குளுக்குக் கீழே மாட்டுங்கள், கைகளைத் தூக்காதீர்கள். தூக்கினால் உடல் நழுவும்.

கதவுக்கு வந்ததும் நாமே உள்ளே ஏறலாமா? கூடாது, திருப்பி உள்ளே இழுப்பது அவர்கள் வேலை.

கம்பியில் சுழல ஆரம்பித்தால்? ஹெலிகாப்டர் முன்னோக்கி நகர்ந்தால் பெரும்பாலும் குறையும். 2019இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் வேகமாகச் சுழன்ற மூதாட்டி உயிர் பிழைத்தார்.

கூரைத் தகரம் பறக்குமா? பறக்கும், ஆணி கழன்ற தகரம், செம்பனை மட்டை, தார்ப்பாய் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

இரவில் டார்ச் அடிக்கலாமா? இருக்குமிடம் காட்ட அடிக்கலாம். நெருங்கியபின் விமானி பக்கம் திருப்பவே கூடாது.

கொக்கி கைக்கெட்டும் தூரத்தில் வந்ததும் பிடிக்கலாமா? இறக்கைகள் சுழல்வதால் சேர்ந்த மின்சாரம் அதில் இருக்கும். அது தரையையோ தண்ணீரையோ ஒருமுறை தொட்ட பிறகு பிடியுங்கள்.