அளந்தே அறிய வேண்டிய நஞ்சு

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியத்தினின்று தோன்றி, தரை வெடிப்புகளின் வழியே இல்லங்களுள் புகும் கதிரியக்க வாயு ரேடான். நிறமும் மணமும் அற்றது. நெடுநாள் சுவாசிப்போர்க்கு நுரையீரல் புற்றுநோயை விளைவிக்க வல்லது.

1984 டிசம்பரில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லிமரிக் அணுமின் நிலையத்துப் பொறியாளர் ஒருவர் பணிக்கு நுழைந்தபோதே கதிரியக்க எச்சரிக்கை மணி ஒலித்தது. ஆராய்ந்தபோது, குறை நிலையத்தில் இல்லை, அவர் இல்லத்திலேயே எனத் தெரிந்தது. அங்கிருந்த ரேடான், அந்நாட்டரசு பின்னர் வகுத்த அளவைப் போல் 600 மடங்கிற்கும் மேலாக இருந்தது.

கரித்தூள் அடங்கிய சிறு குப்பியை வீட்டின் கீழ்த்தளத்தில் சில நாள் வைத்து, ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினால் அளவு விளங்கும். மிகுந்திருப்பின், தரைக்கடியில் குழாய் பதித்து, விசிறியால் வாயுவைக் கூரைக்கு மேலே வெளியேற்றலாம்.

கண்ணையும் மூக்கையும் மட்டுமே நம்பி, காற்று தூயதென நாம் முடிவு செய்தலாகாது. அளந்தறிதலே அறிவுடைமை.