மருந்தோடு விளக்கமும் கொடுங்கள்



பலசரக்குக் கடையில் ஒரு கிலோ பருப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் நம் வேலை முடிந்தது. அதைச் சமைக்கும் விதம் வாங்குகிற வீட்டாருக்குத் தெரியும். மருந்துக் கடை வியாபாரம் அப்படிப்பட்டதல்ல. சரக்கும் விலையும் பில்லும் சரியாக இருந்தும், வாங்கியவர் தவறாகச் சாப்பிட்டால் அவருக்குக் கேடுதான் வரும். அடியேன் மொத்த வியாபாரி. கவுண்டரில் நிற்பவன் அல்ல. ஆனாலும் நம் உறுப்பினர்களில் மருந்துக் கடை நடத்துவோரும் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டைக் கடைகளுக்கு வருகிறவர்களில் திருச்சுழி, நரிக்குடி, பரளச்சி, பந்தல்குடிப் பக்கத்துக் கிராமத்தார் ஏராளம். வானம் பார்த்த பூமி. காட்டு வேலை, கரிமூட்டம், தறி வேலை என்று பிழைப்பவர்கள். டாக்டர் சீட்டில் '1-0-1, உணவுக்கு முன்' என்று இருக்கும். விடியுமுன் விறகு வெட்டப் போகிறவர் கஞ்சி குடிப்பதோ பதினொரு மணிக்கு. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை ஆறு மணிக்கே போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வெயிலில் இறங்கினால் என்ன ஆகும்? சர்க்கரை அளவு இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுவார். சீட்டில் எழுதியபடி காலையில் ஒன்று போட்டவர்தான் அவர். "காலையில எத்தன மணிக்குச் சாப்பிடுவீக, ஐயா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த ஆபத்து இல்லை.

இன்னொன்று, ஒரே மருந்து இரண்டு பெயரில் வருவது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மூலம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடியும் வருகின்றன. அந்த அட்டையில் 'மெட்ஃபார்மின்' என்று இருக்கும். அதே ஆள் தனியார் டாக்டரிடம் போனால், அதே மெட்ஃபார்மினைக் கம்பெனிப் பெயரில் எழுதிக் கொடுப்பார். நிறம் வேறு, அட்டை வேறு. இரண்டும் வேறு மருந்து என்று எண்ணி இரண்டையும் விழுங்குகிறவர் உண்டு. "வேற என்ன மாத்திர சாப்பிடுறீக? அடுத்த தடவ வர்றப்ப எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டாங்க" என்று சொல்வது நம் கடமை. சந்தேகம் வந்தால் கடைக்காரராக முடிவு செய்யாமல் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

சிறு சொல் விட்டுப்போனதால் பெருங்கேடு வரும் இடங்கள் மேலும் உண்டு. வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தில் பெரியது ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பெரிய பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைத்தால் ஐந்து மடங்கு உப்பு ஏறும். குழந்தைக்கு அது ஆபத்து. மூட்டுவாதத்துக்கு எழுதும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே உலை. எந்தக் கிழமை என்பதைக் கவரில் எழுதி, வாயாலும் சொல்ல வேண்டும். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் உறையவிடக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதனுள் சிறு கலயம் வைத்து, தண்ணீர் படாத டப்பாவில் இன்சுலினை வைக்கலாம். ஃபிரிட்ஜ் அளவு குளிராவிட்டாலும் வெக்கை தணியும். நம்முடையதுபோல் காற்று வறண்ட பூமியில் அது நன்றாகவே குளிரும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1948-ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டத்தின் 42-வது பிரிவுப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து வழங்க வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான். 2015-ல் வந்த மருந்தாளுநர் தொழில் ஒழுங்குமுறை விதிகள், மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், பக்கவிளைவு, வைக்கும் முறை, ஒரு வேளை தவறினால் செய்ய வேண்டியது ஆகியவற்றை நோயாளிக்கு எடுத்துச் சொல்லச் சொல்கின்றன. அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவி பெறுவோருக்கு இப்படி விளக்கம் தர முன்வர வேண்டும் என்று 1990-லேயே சட்டம் செய்தார்கள். சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு, அனுபவம் இல்லாத பையனைக் கவுண்டரில் நிறுத்துவது சட்டத்துக்கும் விரோதம், தொழில் தர்மத்துக்கும் விரோதம்.

நடைமுறைக்குச் சில யோசனைகள்:

1. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். புரியாவிட்டாலும் வெட்கப்பட்டுத் தலையாட்டுவார்கள். "ஆத்தா, வீட்ல போயி இத எப்படிச் சாப்பிடுவீக, சொல்லுங்க பாப்போம்" என்று கேளுங்கள். அவர் வாயால் திருப்பிச் சொல்லும்போது தவறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

2. எழுத்து வாசிக்காதவருக்குக் கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து, பக்கத்தில் எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி வையுங்கள்.

3. அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத பக்கத்திலிருந்து வெட்டுங்கள்.

4. காசநோய், பெண்களுக்கான வியாதி போன்றவற்றை நாலு பேர் முன்னால் சத்தமாகப் பேசாதீர்கள். ஓரமாக அழைத்துச் சொல்லுங்கள். வெட்கப்பட்டவர் மருந்தையே பாதியில் விட்டுவிடுவார்.

கூட்ட நேரத்தில் இதற்கெல்லாம் ஏது பொழுது என்று கேட்கலாம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்கும் அவசரம்தான். பழைய சீட்டுக்கே மருந்து வாங்குகிறவருக்கு ஒரு நிமிடம் போதும். புது மருந்து, வயோதிகர், கைக்குழந்தை ஆகிய மூன்றுக்கு மட்டுமாவது இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.

வியாபாரக் கணக்கும் உண்டு. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகமெங்கும் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. ஆன்லைனில் தள்ளுபடி தருகிறார்கள். விலையில் அவர்களோடு மல்லுக்கட்டிச் சிறுகடைக்காரர் ஜெயிப்பது கடினம். ஆனால் நரிக்குடிப் பெரியவரின் பெயரும், அவர் கஞ்சி குடிக்கும் நேரமும், போன மாதம் வாங்கிய மாத்திரையும் தெரிந்தவர் நம் ஊர்க் கடைக்காரர். அந்தப் பழக்கத்தைக் கொண்டு அவர் உயிரைக் காப்பாற்றினால், அவர் குடும்பமே நம் கடையைத் தேடி வரும். உறுப்பினர்கள் நாளை காலை கடை திறந்ததும் முதல் வாடிக்கையாளரிடமிருந்தே இதைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.